498ஏ பற்றி ஊரே பேசுகிறது... பாதுகாப்பு அலுவலர் எங்கே?

ஐந்தே மாத இடைவெளியில் சுப்ரீம் கோர்ட்டிலிருந்து இரண்டு உத்தரவுகள் வந்தன. இரண்டு அமர்வுகளிலும் இருந்தவர் நீதிபதி பி.வி.நாகரத்னா. 2024 டிசம்பரில் வந்த தீர்ப்பு, 498ஏ பிரிவைக் கணவர் மீதும் அவர் குடும்பத்தார் மீதும் பழிதீர்க்கும் கருவியாகச் சிலர் பயன்படுத்துகிறார்கள் என்றது. வாட்ஸ்அப் குரூப், இன்ஸ்டா ரீல்ஸ், டிவி விவாதம் என அது போகாத இடமில்லை. 2025 மே மாத உத்தரவோ, குடும்ப வன்முறைச் சட்டப்படி இருக்கவேண்டிய பாதுகாப்பு அலுவலர்கள் இல்லாத இடங்களில் 6 வாரத்துக்குள் அவர்களை அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. இதை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தார்கள்?

கொடுமைக்கு ஆளான பெண் புகார் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை என அந்த டிசம்பர் தீர்ப்பிலேயே ஒரு பகுதி உண்டு. ரீல்ஸ் போட்டவர்கள் அதை வசதியாக வெட்டிவிட்டார்கள்.

குடும்ப வன்முறை என்று பேச்செடுத்தாலே ‘பொய் கேஸ் போடுறாங்க’ என்று ஒரு கட்சி, ‘நிஜமாவே அடிக்கிறாங்க’ என்று ஒரு கட்சி. இந்தச் சண்டையில் அரசு தப்பித்துக்கொள்கிறது. ஏனென்றால், இரண்டு கட்சிக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரு ஏற்பாடு 20 ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு ஆள் போடவேண்டியது அரசின் வேலை.

அது வேற சட்டம், இது வேற சட்டம்

498ஏ என்பது 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. இது கிரிமினல் வழக்கு. குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டு வரை சிறை. 2022-ல் மட்டும் நாடு முழுக்க இந்தப் பிரிவில் 1,40,019 வழக்குகள் பதிவாகின என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். ‘புகார் கொடுத்தா உடனே அரெஸ்ட்’ என்று இப்போதும் பலர் நம்புகிறார்கள். காரணத்தை எழுத்தில் பதிவு செய்யாமல் தானாகக் கைது செய்யக் கூடாது என்று 2014-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 வேறு மாதிரி. யாரையும் ஜெயிலில் போடுவது இதன் முதல் நோக்கம் அல்ல. ‘அடிக்காதே’, ‘வீட்டைவிட்டு வெளியே அனுப்பாதே’, ‘செலவுக்குப் பணம் கொடு’, ‘குழந்தையை அம்மாவிடம் விடு’ என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார். அந்த உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம்.

இந்தச் சட்டத்துக்கு வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை. திட்டி அவமானப்படுத்துவது, பாலியல் வற்புறுத்தல், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் விடுவது எல்லாமே இதில் அடங்கும். திருமணம் ஆகாமல் கணவன் மனைவி போல சேர்ந்து வாழ்ந்தவரும் மனு போடலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால், அந்த வீட்டில் இருக்கும் உரிமையை மருமகள் கேட்க முடியும். 2020-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது.

விவாகரத்தும் வேண்டாம், புருஷனை உள்ளே தள்ளவும் வேண்டாம், ‘அடி நின்னா போதும்’ என்று நினைக்கும் பெண்கள்தான் அதிகம். அவர்களுக்கான சட்டம் இதுதான். மனு போட்டு 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயற்சி என்று கெடுவும் எழுதியிருக்கிறார்கள். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு வாங்கலாம்.

காகிதத்தில் எல்லாம் சரி. இதை ஓட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் பாதுகாப்பு அலுவலர். அடிபட்ட பெண் சொல்வதைக் கேட்டு அறிக்கை எழுதுவது, கோர்ட்டில் மனு போட உதவுவது, இலவச வக்கீல் ஏற்பாடு செய்வது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தங்க இடம் பார்ப்பது, உத்தரவு வந்த பிறகு பணம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது எல்லாம் இவர் வேலை. வக்கீலுக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத பெண்ணுக்கு இந்த ஒருவர் போதும். தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் கீழ் இவர்கள் வருகிறார்கள்.

எத்தனை பேரை நியமிக்கவேண்டும்? ஒவ்வொரு மாவட்டத்திலும் ‘தேவை என்று அரசு கருதும் எண்ணிக்கையில்’ என்கிறது சட்டம். மொத்தச் சட்டத்தையும் நொண்டியாக்கியது இந்த ஒரு வரிதான். பல மாநிலங்கள் மாவட்டத்துக்கு ஒருவர் போதும் என்று கருதின. அந்த ஒருவருக்கும் பல இடங்களில் இது ‘கூடுதல் பொறுப்பு’. ‘வி த விமன் ஆஃப் இந்தியா’ என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில் 2023 பிப்ரவரியில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள்: 2022 ஜூலை நிலவரப்படி இந்தச் சட்டத்தின் கீழ் நிலுவையில் இருந்தவை சுமார் 4.71 லட்சம் வழக்குகள். மாவட்டத்துக்கு ஒரு அலுவலர் என்று வைத்தால் ஒருவர் தலையில் சராசரியாக 500, 600 வழக்குகள். இதில் 3 நாள் கெடு என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

2025 மே உத்தரவு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடவும் முடியாது. பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் ஏற்கெனவே இருக்கும் அதிகாரிகளை மாவட்ட, தாலுகா அளவில் பாதுகாப்பு அலுவலராக அறிவிக்கலாம் என்பதே அதன் சாரம். ஒருவர் மேசையில் இன்னொரு பெயர்ப்பலகை வைத்துவிட்டு ‘நியமித்தாச்சு’ என்று அரசு கணக்குக் காட்ட முடியும். ஆனால் 2006-ல் வந்த விதிகள் என்ன சொல்கின்றன? சமூகப் பணியில் குறைந்தது 3 ஆண்டு அனுபவம் இருக்கவேண்டும், பதவியில் குறைந்தது 3 ஆண்டு இருக்கவேண்டும். அந்த அனுபவம் 6 வாரத்தில் வந்துவிடாது.

இன்னொரு வேடிக்கை: கடமையைச் செய்யாத பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு வருடம் வரை சிறை உண்டு. ஆனால் வழக்குத் தொடர மாநில அரசு முன்அனுமதி தரவேண்டும்.

போலீஸ் ஸ்டேஷன்தான் கதியா?

பாதுகாப்பு அலுவலரைத் தெரியாத பெண்ணுக்குத் தெரிந்த ஒரே கதவு போலீஸ் ஸ்டேஷன். தமிழ்நாடு 1992-லேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய மாநிலம். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால், உள்ளே போனதும் ‘குழந்தைங்க முகத்தைப் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்று எழுதி வாங்கி அனுப்புவதும் நடக்கிறது. புகாரோடு வரும் பெண்ணிடம் பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும் இலவச சட்ட உதவியைப் பற்றியும் போலீஸ் சொல்லியே ஆகவேண்டும் என்பது 2005 சட்டத்தின் 5-வது பிரிவு.

சிவில் கதவு திறக்காதபோது கிரிமினல் கதவைத் தட்டுவது இயல்பு. வீட்டில் இருக்க இடமும் மாதச் செலவுக்குப் பணமும் கேட்டு வந்தவர், 498ஏ வழக்கின் வாதியாக மாறுகிறார். பிறகு சமரசம் ஆகிறது, சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை, வழக்கு விழுகிறது. ‘பார்த்தீங்களா, பொய் கேஸ்’ என்கிறார்கள். தண்டனை கிடைக்காத வழக்கும் பொய் வழக்கும் ஒன்றல்ல. படுக்கையறையில் விழுந்த அறைக்கு சிசிடிவி கிடையாது. பழிவாங்கப் போடும் வழக்குகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. சம்பந்தமே இல்லாத நாத்தனார், வெளியூர் மாமா வரை பெயர் சேர்ப்பதைக் கோர்ட்டுகள் பலமுறை கண்டித்திருக்கின்றன. அதற்கும் மருந்து, முதல் நாளே உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதும் ஒரு அலுவலர்தான்.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் எடுத்த முடிவை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 498ஏ புகார் பதிவானாலும் இரண்டு மாதம் கைது நடவடிக்கை கூடாது, விஷயம் குடும்ப நலக் குழுவுக்குப் போகவேண்டும் என்ற அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் 2022 வழிகாட்டுதல்கள் தொடரலாம் என்றது அது. கிட்டத்தட்ட இதே மாதிரிக் குழுக்களை 2017-ல் அமைக்கச் சொல்லி, 2018-ல் அது சட்டம் செய்யும் வேலை என்று கைவிட்டதும் இதே சுப்ரீம் கோர்ட்தான். சரி, இரண்டு மாதம் ஆறப்போடலாம். அந்த 60 ராத்திரியும் அந்தப் பெண் எங்கே தூங்குவார்? அடித்தவர் இருக்கும் அதே வீட்டிலா? ஒன் ஸ்டாப் சென்டரில் தற்காலிகமாகத் தங்க அதிகபட்சம் 5 நாள்தான். மீதி நாட்களுக்குப் பதில், 2005 சட்டம் தரும் வசிப்பிட உத்தரவு. அதை வாங்கித் தரும் அலுவலர் இல்லாத மாவட்டத்தில் ஆறப்போடும் காலம் ஆணுக்கு மட்டும்தான்.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள் இந்திய அளவில் சுமார் 29 சதவீதம். தமிழ்நாட்டில் 38 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்க 14 சதவீதம்தான். கிட்டத்தட்ட நான்கில் மூன்று பேர் யாரிடமும் சொல்லவே இல்லை. பொய் வழக்கு பற்றிய சத்தத்தில் கேட்காமல் போவது இவர்களின் மௌனம்தான்.

தமிழ்நாடு அரசு செய்யக்கூடியது ரொம்பப் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தாலுகா வாரியாகப் பாதுகாப்பு அலுவலரின் பெயரையும் போன் நம்பரையும் ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷன், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை வாசலிலும் எழுதி வைக்கலாம். அவர் முழுநேர அலுவலரா, கூடுதல் பொறுப்பா என்பதையும் சேர்த்து வெளியிடலாம். 3 நாளில் முதல் விசாரணைக்கு வந்த மனுக்கள் எத்தனை என்று வருடா வருடம் சட்டசபையில் சொல்லலாம். மே உத்தரவுக்குப் பிறகு உங்கள் தாலுகாவில் யார் அறிவிக்கப்பட்டிருக்கிறார் என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டால் பதில் தந்தாகவேண்டும்.

உதவி தேவைப்படுபவர்களுக்கு: பெண்கள் உதவி எண் 181, இலவச சட்ட உதவிக்கு 15100, அவசரத்துக்கு 112.