படம் வரும் முன்னே முதல் காட்சி வந்தது!

ராமேசுவரம் துறைமுகம். மாலை ஐந்து மணி. படகுகள் வரிசையாக நிற்கின்றன. கரையில் நான்கு வாலிபர்கள் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரி செய்துகொண்டு இருந்தார்கள்.

திடீரென்று வேலை நின்றது. நான்கு தலையும் ஒரு செல்போன் மேல் குனிந்தன.

"அண்ணே! நீங்களும் வந்து பாருங்கண்ணே. சூப்பர் ஹீரோ படம். இன்னும் கொட்டகைக்கே வரலை. அதுக்குள்ள முதல் சீன் வந்துருச்சு!" என்றான் ஒருவன்.

நானும் குனிந்து பார்த்தேன். ஒரு நிமிடம் ஓடியது. படம் ஆடியது. வசனம் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது. வானத்தில் ஒரு வீரன் பறந்து வந்தான். அவன் முகம் தெரியும் நேரத்தில் யாரோ ஒருவருடைய தலை குறுக்கே வந்து மறைத்தது! சிறப்புக் காட்சி எதிலோ திருட்டுத்தனமாகப் பிடித்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

பக்கத்தில் வயதான சம்மாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்பவர். அவரிடமும் செல்போனை நீட்டினார்கள். அவர் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஏப்பா, இது யாரு வலையில பட்ட மீனு?"

வாலிபர்கள் சிரித்தார்கள். ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு என்ன பதில்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் காட்சியில் என்ன இருக்கிறது?

சூப்பர் ஹீரோ என்றால் மனிதனுக்கு மீறிய சக்தி படைத்த வீரன். பறப்பான். மலையைத் தூக்குவான். ஏழைக்கு ஆபத்து என்றால் ஓடி வருவான்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். ராமேசுவரத்துக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். "கடலைத் தாண்டிய அனுமார்தான் முதல் சூப்பர் ஹீரோ" என்று சொல்லும்! 2024 ஜனவரியில் வந்த "ஹனுமான்" என்ற தெலுங்குப் படமும் அனுமார் அருளால் சக்தி பெற்ற ஒரு வாலிபனின் கதைதான். தமிழில் மிஷ்கின் 2012-ல் "முகமூடி" எடுத்தார்.

இந்தப் படங்களுக்கு ஆரம்பக் காட்சி உயிர் போன்றது. வீரன் யார், வில்லன் யார், எவ்வளவு பலம் என்று அங்கேதான் தெரியும். கொட்டகையில் விசில் பறப்பதும் அந்த நேரத்தில்தான். திருடுகிறவனுக்கும் அது தெரியும். ஆகவே அவன் முதலில் கை வைப்பது அந்தக் காட்சியில்தான்.

தாத்தா காலத்துப் பாட்டுப் புத்தகம்

படம் பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது தப்பா? தப்பே இல்லை.

அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் கொட்டிப் படத்துக்கு விளம்பரம் செய்வார்கள். நோட்டீசு பறக்கும். பையன்கள் பின்னாலேயே ஓடுவார்கள். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அதில் பாதிக் கதை இருக்கும். கதாநாயகிக்கு ஆபத்து வரும் இடத்தில் கதை நின்றுவிடும். "மீதியை வெள்ளித் திரையில் காண்க" என்று போட்டிருக்கும்!

அதுவும் முன்கூட்டியே காட்டுவதுதான். ஆனால் படம் எடுத்தவரே விரும்பிக் கொடுத்தது.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. "தி டார்க் நைட்" என்ற பேட்மேன் படம் 2008 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு ஏழு மாதம் முன்பே, 2007 டிசம்பரில், அதன் ஆரம்பக் காட்சியை டைரக்டர் கிறிஸ்டோபர் நோலன் வெளியிட்டார். ஐமாக்ஸ் என்ற பெரிய திரைக் கொட்டகைகளில், வேறொரு படத்துக்கு முன்னால் அதைக் காட்டினார்கள். சுமார் ஆறு நிமிடம். ஒரு பாங்குக் கொள்ளை. பேட்மேன் அதில் வரவே இல்லை. வில்லன் ஜோக்கர்தான் வந்தான்! மீதியைப் பார்க்க ஜனங்கள் ஏழு மாதம் காத்திருந்தார்கள்.

நம் ஊர்ப் பாட்டுப் புத்தகமும் அந்த ஆறு நிமிடமும் ஒரே சாதிதான்.

செல்போன் பறந்த கதை!

இப்போது திருட்டுக்கு வருவோம்.

ரஜினிகாந்த் நடித்து ஷங்கர் எடுத்த "2.0" படம் நினைவிருக்கிறதா? அதில் சென்னை நகரத்துச் செல்போன்கள் எல்லாம் கையை விட்டுப் பறந்து போகும். வேடிக்கையைப் பாருங்கள்! அந்தப் படத்தின் முன்னோட்டமே திருட்டுப் போய், செல்போன் செல்போனாகப் பறந்தது. அது நடந்தது 2018 மார்ச்சில். படக்குழு முறையாக முன்னோட்டத்தை வெளியிட்டது செப்டம்பர் 13-ந் தேதி. ஆறு மாதம் முன்னதாகவே வெள்ளம் கரையை உடைத்துவிட்டது.

படம் நவம்பர் 29-ந் தேதி வெளிவந்தது. அதற்கு முதல் நாள் சென்னை ஐகோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. திருட்டுப் படம் காட்டும் 12,564 இணையதளங்களை முடக்க வேண்டும் என்பது உத்தரவு. அப்படியும் படம் வெளியான அன்றே திருட்டுப் பிரதியும் வந்துவிட்டது!

பன்னிரண்டாயிரம் கதவை அடைத்தாலும் திருடன் புதுக் கதவு வைத்துக்கொள்கிறான். இணையத்தில் பெயரைக் கொஞ்சம் மாற்றி மறு கடை திறப்பதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

பாதிக் கொட்டகை, முழுத் திருட்டு

2021 ஜனவரி. கொரோனா பயம் தீராத நேரம். கொட்டகையில் பாதி நாற்காலிகளில்தான் ஆட்களை உட்கார வைக்கலாம் என்று அரசு சொல்லியிருந்தது. பல மாதம் பூட்டிக் கிடந்த கொட்டகைக்காரர்கள் ஒரு படத்தை நம்பி இருந்தார்கள். அதுதான் விஜய் நடித்த "மாஸ்டர்". 13-ந் தேதி, பொங்கலுக்கு முதல் நாள், வெளியீடு.

இரண்டு நாள் இருக்கும்போது அதன் காட்சிகள் செல்போன்களில் வலம் வந்தன! டைரக்டர் லோகேஷ் கனகராஜ், ஒன்றரை வருடம் பாடுபட்டதைச் சொல்லி, அவற்றை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

அப்போது ஒரு நல்ல காரியமும் நடந்தது. ரசிகர்கள் பலர் காட்சியை அனுப்ப மறுத்தார்கள். "பார்த்தால் சொல்லுங்கள், நீக்க வைப்போம்" என்று கிளம்பினார்கள். ஐகோர்ட்டு உத்தரவால் ஆகாததைக் கொஞ்சமாவது ரசிகர்களின் மனசாட்சி செய்தது.

கயிறு தெரிந்த வீரன்

திருட்டுக் காட்சியைப் பார்ப்பவருக்கும் நஷ்டம் உண்டு. அதற்கு ஒரு கதை.

2009 மே 1-ந் தேதி "எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்" என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ படம் வர இருந்தது. ஒரு மாதம் முன்பே முழுப் படமும் இணையத்தில் வந்துவிட்டது. ஆனால் அது வேலை முடியாத பிரதி! தந்திரக் காட்சிகள் பாதியில் நின்றன. நடிகர்களைத் தூக்கும் கயிறு கூடத் தெரிந்தது. உலகத்தை உலுக்கும் வீரன் கயிற்றில் தொங்கினால் எப்படி இருக்கும்?

அதை இணையத்தில் ஏற்றியவர்களில் ஒருவர் நியூயார்க்கைச் சேர்ந்தவர். 2011 டிசம்பரில் அவருக்கு ஒரு வருடம் சிறைத் தண்டனை கிடைத்தது.

முழுவதும் வேகாத சோற்றை இறக்கித் தின்றுவிட்டு, "சமையல் சரியில்லை" என்று சொல்வது நியாயமா?

நஷ்டம் யாருக்கு?

"நடிகருக்குக் கோடி கோடியாகச் சம்பளம். ஒரு நிமிடம் நான் பார்த்தால் அவர் ஏழையாகிவிடுவாரா?" என்று கேட்கிறார்கள்.

சம்மாட்டியின் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஒரு விசைப்படகு கடலுக்குப் போகிறது. டீசல் வேண்டும். ஐஸ் வேண்டும். இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும். விடிந்து கரைக்கு வந்து மீன் விற்றால்தான் பணம். அதில் செலவு போக மிஞ்சுவதுதான் சம்மாட்டிக்கும் கடலுக்குப் போனவர்களுக்கும் பங்கு. படகு கரை சேரும் முன்பே நடுக்கடலில் ஒருவன் மீனை அள்ளிக்கொண்டு போனால்? சம்மாட்டி எப்படியோ சமாளிப்பார். அன்றாடப் பங்கை நம்பியிருப்பவன் வீட்டில் அடுப்பு எரியாது.

சினிமாவும் அப்படித்தான். திரையில் தெரிபவர் சிலர். விளக்குப் பிடிப்பவர், தச்சர், தையற்காரர், சமையற்காரர், கம்ப்யூட்டரில் தந்திரக் காட்சி செய்யும் வாலிபர்கள் என்று தெரியாதவர்கள் பலர். கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவரும் வாசலில் முறுக்கு விற்பவரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்களே. பெரிய நடிகர் சம்பளம் வாங்கிவிடுவார். படம் தோற்றால் அடுத்த படத்துக்கு ஆள் குறைப்பு நடக்கும். அந்த அடி விழுவது கீழே இருப்பவர் மேல்தான்.

2024-ல் ஈ.ஒய். நிறுவனமும் இணைய, மொபைல் சங்கமும் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. 2023-ல் இந்தியாவில் இந்தத் திருட்டு வியாபாரம் 22,400 கோடி ரூபாய் என்றது அது. அதில் 13,700 கோடி கொட்டகைப் படங்களைத் திருடியதால் வந்தது. பார்ப்பவர்களில் நூற்றுக்கு 51 பேர் திருட்டு வழியில் பார்க்கிறார்களாம்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. திருட்டுத் தளங்கள் தர்மத்துக்கு நடப்பவை அல்ல. சூதாட்ட விளம்பரமும், செல்போனுக்குள் நுழைந்து விவரம் திருடும் தந்திரமும் அங்கே சகஜம். வீட்டுக் குழந்தைகள் அந்தப் பக்கம் போகிறார்களா என்று பெற்றோர் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2004-ம் ஆண்டிலேயே குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்துவிட்டார்கள்.

மத்திய அரசு 2023-ல் சினிமா சட்டத்தைத் திருத்தியது. அனுமதி இல்லாமல் கொட்டகையில் படத்தைப் பதிவு செய்வது குற்றம். குறைந்தது மூன்று மாதம், அதிகம் போனால் மூன்று வருடம் சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம் ரூபாய். படச் செலவில் நூற்றுக்கு ஐந்து வரை அபராதம் ஏறலாம். புகாரை வாங்கி, திருட்டுப் பிரதியை 48 மணி நேரத்தில் நீக்க உத்தரவிடுவதற்கு அதிகாரிகளையும் நியமித்தார்கள்.

இது வெறும் காகிதச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒரு கொட்டகை. "ராயன்" படம் ஓடியது. செல்போனில் அதைப் பதிவு செய்த ஒருவரைக் கொச்சி போலீசார் நாற்காலியிலேயே பிடித்தார்கள்!

ஏழைக்கு என்ன வழி?

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் நாள் டிக்கெட் விலை ஏழைக்கு எட்டுவது இல்லை. குடும்பத்தோடு போனால் ஒரு நாள் கூலி காணாது. பக்கத்து ஊரில் நல்ல கொட்டகை இல்லாத கிராமங்களும் இந்தக் கடற்கரையில் உண்டு. நேர் வழி அடைத்திருந்தால் குறுக்கு வழியில் கூட்டம் சேரும்.

இந்த ராமநாதபுரம் மாவட்டத்துப் பரமக்குடியில் பிறந்தவர் கமல்ஹாசன். 2013-ல் "விஸ்வரூபம்" படத்தைக் கொட்டகைக்கு முன்பே டி.டி.எச். மூலம் வீட்டு டி.வி.யில் காட்டத் திட்டமிட்டார். கொட்டகைக்காரர்கள் எதிர்த்தார்கள். அந்தத் திட்டம் நின்றது. பிறகு சில அமைப்புகள் எதிர்த்ததால் தமிழக அரசு படத்துக்குத் தடை போட்டது. வேறு சில மாநிலங்களில் ஜனவரி 25-ந் தேதி வந்த படம் இங்கே பிப்ரவரி 7-ந் தேதிதான் வந்தது. இடையில் எத்தனையோ பேர் பக்கத்து மாநிலங்களுக்கு ரெயில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள்! நேர் வழி இருந்தால் ஜனங்கள் செலவு செய்யத் தயார் என்பதற்கு இது சாட்சி.

இன்று நிலைமை மாறிவிட்டது. பல தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் இணையத் திரைக்கு வருகின்றன. பிறகு டி.வி.யில் வருகின்றன. படம் எடுப்பவர்களும் டிக்கெட் விலையை ஏழைக்கு எட்டும்படி வைக்க வேண்டும். சட்டம் பாதித் திருட்டைத் தடுக்கும். மீதியைத் தடுப்பது நியாயமான விலைதான்.

அறுபத்தொரு நாள் பொறுமை

காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் காத்திருப்பதை ராமேசுவரத்துக்காரர்களுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகும் காலம் என்று அரசு தடை போடுகிறது. கண்ணெதிரே கடல். கையில் வலை. ஆனாலும் போகக் கூடாது. குஞ்சை இன்றைக்குப் பிடித்தால் நாளைக்கு மீன் இல்லை. வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தையும் எத்தனையோ குடும்பங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்துகின்றன.

வயிற்றுப் பாட்டுக்கே இவ்வளவு பொறுமை காட்டும் நாம், ஒரு நிமிடக் காட்சிக்குப் பொறுக்கக் கூடாதா?

ராமேசுவரம் கோயிலின் தல புராணத்தில் ஒரு செய்தி உண்டு. கயிலைக்குப் போன அனுமார் லிங்கம் கொண்டுவரத் தாமதமாயிற்று. நல்ல நேரம் தவறக் கூடாது என்று சீதை மணலால் செய்த லிங்கத்தை ராமர் பூசித்தார். திரும்பி வந்த அனுமார் மனம் வருந்தினார். அவர் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூசை என்று ராமர் சொன்னார். இன்றும் அங்கே முதல் பூசை அந்த விசுவலிங்கத்துக்குத்தான்.

பாடுபட்டவனுக்கு முதல் மரியாதை! இந்த ஊர் உலகத்துக்குச் சொல்லும் நியாயம் இது.

துறைமுகத்தில் இருட்டத் தொடங்கியது. சம்மாட்டி எழுந்து போய்விட்டார். அந்த வாலிபன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி வலையை எடுத்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான்:

"ஏன்டா, படம் என்னைக்கு ரிலீசு?"