சைக்கிளும் ஒரு சொத்துத்தான்



வீட்டில் உள்ள சொத்து என்னவென்று யாராவது கேட்டால் காணி, நகை, மாடு என்று சொல்வோம். வேலியோரம் சாத்தியிருக்கும் சைக்கிளை யாரும் சொல்வதில்லை. அது ஒருநாள் களவு போனால்தான் எத்தனை அலுவல் அதில் ஏறி ஓடியது என்று தெரியவரும். விடியப் பால் கொண்டுபோவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, அங்கிருந்து வேலைக்கு, பின்னேரம் சங்கக் கூட்டம், வரும்வழியில் சந்தை. ஆண் துணை இல்லாத வீட்டில் இத்தனையும் ஒரே ஒரு சைக்கிளில்தான் நடக்கிறது. கள்ளனுக்கு அது சில ஆயிரம் ரூபா. எங்களுக்கு அது ஒரு மாத வருமானம், பிள்ளையின் படிப்பு, சில வீடுகளில் இன்னும் கட்டி முடியாத கடன்.

எங்கள் பகுதியில் சைக்கிளின் அருமை தெரியாதவர் இல்லை. 1990களில் பெற்றோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்குப் புறப்பட்டவர்கள், மூட்டை முடிச்சுகளைச் சைக்கிளில் கட்டி, ஏறி ஓட இடமில்லாமல் உருட்டிக்கொண்டே நடந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் அந்தச் சைக்கிளையும் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தவர்கள் உங்களில் பலர். மீளக் குடியேறியபோது முதலில் தேடி வாங்கியதும் சைக்கிள்தான். பிறகு 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்ததும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் சைக்கிளைத் தேடினார்கள். விலை மளமளவென்று ஏறியது. விலை ஏறிய பொருளைக் கள்ளன் விட்டுவைப்பானா?

கள்ளன் எப்படிப் பார்க்கிறான் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். இங்கிலாந்து போன்ற நாடுகளில் காட்டுப் பாதைகளிலும் மலைப் பாதைகளிலும் ஓடுவதற்கென்றே விலைகூடிய சைக்கிள்களை வைத்திருக்கிறார்கள். அவற்றைக் குறிவைப்பதற்கென்றே கள்ளர்களும் இருக்கிறார்கள். பாதை தொடங்கும் இடத்தில், வாகனங்கள் நிறுத்துமிடத்தில் நின்று யாரிடம் என்ன சைக்கிள் இருக்கிறது என்று பார்ப்பார்கள். சிலவேளை வீடுவரை பின்தொடர்ந்து போய், இரவில் வந்து கொட்டிலை உடைத்து எடுப்பார்கள். ஓடிய பாதையைக் கைத்தொலைபேசியில் பதிந்து எல்லோரும் பார்க்கும்படி போடுகிறவர்களிடம், 'நீங்களே கள்ளனுக்கு வீட்டு விலாசத்தைக் காட்டுகிறீர்கள்' என்று அந்த நாட்டுப் பொலிஸார் எச்சரித்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கள்ளனுக்கு இவ்வளவு பாடு வேண்டியதில்லை. நாங்கள் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சைக்கிளை விடுகிறோம். காலை ஏழு மணி பஸ்ஸில் ரவுணுக்குப் போகிறவர் பின்னேரம் ஐந்து மணிக்குத்தான் திரும்புவார் என்பது சந்தியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி மதிலோரம் நிற்கும் சைக்கிள் மூன்று மணித்தியாலம் அசையாது. ரியூசன் கொட்டிலுக்கு வெளியே நாற்பது சைக்கிள் நிற்கும்போது யார் எதை எடுத்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வயல் வரம்பிலும் தோட்டத்து மூலையிலும் விட்டுவிட்டு முதுகு காட்டி வேலை செய்கிறவர்களின் நிலையும் இதுதான். ஆகவே பூட்டைப் பற்றி யோசிக்க முன்னர் இடத்தைப் பற்றி யோசியுங்கள். பஸ் ஏறுகிற இடத்தில் தெரிந்த கடை ஒன்றின் முகப்பில், கடைக்காரரிடம் சொல்லி விடலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டு வளவுக்குள் விட்டு, மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கலாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் காசு வாங்கிக்கொண்டு துண்டு தந்து சைக்கிள் காக்கிறார்களே, அதேமாதிரி ஒன்றை ஒரு மாதர் சங்கம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நடத்தினால் இரண்டு பெண்களுக்கு வருமானமும் ஆகும். அப்படி விடும் இடங்களில் துண்டைச் சைக்கிளிலேயே கொழுவிவிட்டு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். துண்டு உங்கள் கையில் இருக்கவேண்டும், அம்மா!

இனிப் பூட்டுக்கு வருவோம். பெரும்பாலான சைக்கிள்களில் பின்சில்லோடு சேர்த்துப் பொருத்திய வளையப் பூட்டுத்தான் இருக்கிறது. அது சில்லைச் சுற்றவிடாது, அவ்வளவுதான். சைக்கிளைத் தூக்கி ஓட்டோவிலோ லாண்ட்மாஸ்ரர் பெட்டியிலோ போடுவதை அது தடுக்காது. கடைகளில் தொங்கும் பிளாஸ்ரிக் உறை போட்ட மெல்லிய கம்பிவடப் பூட்டு பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் கையில் அடங்கும் ஒரு வெட்டி அதைச் சில விநாடிகளில் அறுத்துவிடும். நான் சொல்வது, வளையப் பூட்டோடு சேர்த்து ஒரு தடித்த சங்கிலியும் நல்ல ஆமைப் பூட்டும் வாங்குங்கள். சைக்கிளோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல. சைக்கிளைக் கொண்டுபோக அதையும் ஒரு நிலையான பொருளோடு சேர்த்துக் கட்டவேண்டும். கதியாலில் கட்டாதீர்கள்; கதியாலை இழுத்தால் வந்துவிடும். மேலே திறந்திருக்கும் கட்டைக் கம்பத்தில் கட்டினால் சைக்கிளோடு சேர்த்து மேலால் தூக்கிக் கழற்றிவிடுவார்கள். இரும்பு யன்னல் கம்பி, பெரிய மரம், மின்கம்பம் போன்றவை நல்லது.

சங்கிலியை முன்சில்லில் மாத்திரம் போட்டால் அந்தச் சில்லை விட்டுவிட்டு மற்றதைக் கொண்டுபோவார்கள். பின்சில்லுக்கும் சட்டத்துக்கும் உள்ளால் எடுத்துக் கட்டுங்கள். சங்கிலி கட்டையாக இருந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் சைக்கிள் திருத்தும் தொழிலில் பேர்பெற்றிருந்து 2008இல் காலமான ஷெல்டன் பிரவுண் என்பவர் சொல்லிக் கொடுத்தது அது. பின்சில்லுக்கு இருபுறமும் சட்டக் குழாய்கள் முக்கோணமாக வருகின்றன அல்லவா? அந்த முக்கோணத்துக்குள் வரும் சில்லுப் பகுதியையும் கம்பத்தையும் சேர்த்துப் பூட்டினாலே போதும். அச்சைக் கழற்றினாலும் சில்லை முக்கோணத்துக்குள்ளிருந்து வெளியே இழுக்க முடியாது. சங்கிலி நிலத்தில் கிடக்கவும் விடாதீர்கள். நிலத்தில் கிடந்தால் வெட்டியின் ஒரு பிடியை நிலத்தில் ஊன்றி மற்றதைக் காலால் மிதித்து வெட்டுவது சுலபம். உயரத்தில், இறுக்கமாக, திறப்புத் துவாரம் கீழ்நோக்கிப் பார்க்கும்படி பூட்டுங்கள். மழைத்தண்ணீர் உள்ளே போகாது, கறள் பிடிப்பதும் குறையும். கடற்கரைப் பக்கத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

திறப்பு வட்டக் குழாய் வடிவில் இருக்கும் பூட்டுகளை வாங்கும்போது கவனம். 2004இல் அமெரிக்காவில், கிரிப்டோனைட் என்ற பேர்போன பூட்டு நிறுவனத்தின் அப்படியான பூட்டுகளைச் சாதாரண பேனை ஒன்றின் பின்குழாயைச் செருகித் திருப்பியே திறக்கலாம் என்று தெரியவந்து, அந்த நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. விலைகூடிய பூட்டுக்கே அந்தக் கதி. தட்டையான திறப்புள்ள கனமான பூட்டு மேல்.

பெடியங்கள் ஆசைப்பட்டு வாங்கும் தடித்த ரயர் போட்ட கியர் சைக்கிள்களில், மவுண்டன் சைக்கிள் என்று சொல்வார்களே, அவற்றில் சில்லைச் சாவி இல்லாமலே ஒரு நெம்பைத் திருப்பிக் கழற்றலாம். சீற்றும் அப்படித்தான். வீட்டில் அப்படியொன்று இருந்தால் திருத்துகிற கடையில் கொடுத்துச் சாதாரண நட்டுகளாக மாற்றிவிடுங்கள். புதுச் சைக்கிளைப் படம் எடுத்து, வீட்டுப் படலையும் தெரியும்படி முகநூலில் போடவேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லியும் வையுங்கள்.

இரவில் சைக்கிள் வீட்டுக்குள் வரட்டும். தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்கள் இடமில்லை என்பீர்கள், தெரியும். கொட்டிலின் நடுக்கப்போடு சங்கிலியால் கட்டி, கரியரில் ஒரு பழைய கிடாரத்தையோ வாளியையோ கவிழ்த்து வையுங்கள். யாராவது அசைத்தால் விழுகிற சத்தம் உங்களையும் எழுப்பும், அடுத்த வீட்டையும் எழுப்பும்.

இத்தனைக்கும் பிறகும் களவு போகலாம். அப்போது உங்கள் கையில் இருக்கவேண்டியது, அது உங்களுடையதுதான் என்று காட்டும் அத்தாட்சி. இந்த இடத்தில்தான் எங்கள் பெண்கள் அதிகம் அவதிப்படுகிறார்கள். பற்றுச்சீட்டு இடம்பெயர்வில் போய்விட்டது, அல்லது காணாமற்போன கணவரின் பெயரில் இருக்கிறது, அல்லது உதவியாகக் கிடைத்த சைக்கிள் என்பதால் பற்றுச்சீட்டே இல்லை. முன்பெல்லாம் உள்ளூராட்சி சபையில் வரி கட்டி ஒரு சிறிய தகடு எடுத்து அடிப்பார்கள். அந்தப் பழக்கமும் பல வீடுகளில் விட்டுப்போயிற்று.

ஆனால் ஒவ்வொரு சைக்கிளிலும் சட்ட இலக்கம் ஒன்று அடிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பெடல் அச்சு போகும் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கும். சிலவற்றில் சீற்றுக்குக் கீழே வரும் குழாயில் இருக்கும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியால் அழுக்கைத் துடையுங்கள். இலக்கம் தெளிவாகத் தெரியாவிட்டால் அதன்மேல் மெல்லிய கடதாசி ஒன்றை வைத்துப் பென்சிலைச் சரித்துத் தேயுங்கள், இலக்கம் கடதாசியில் வந்துவிடும். அந்தக் கடதாசியை அப்படியே குடும்ப அட்டையோடு வையுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் சைக்கிளை முழுதாக ஒரு படமும், இலக்கத்தை ஒரு படமும், நீங்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக ஒரு படமும் எடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தாலும் படம் இருக்கும்.

இரகசிய அடையாளம் ஒன்றும் வைக்கலாம். உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி, பிளாஸ்ரிக்கில் சுற்றி, சீற்றைக் கழற்றி அந்தக் குழாய்க்குள் விட்டு மூடிவிடுங்கள். கள்ளன் நிறத்தை மாற்றுவான், பெல்லை மாற்றுவான், இலக்கத்தைக்கூட அராவுவான். குழாய்க்குள் கடதாசி இருப்பது அவனுக்குத் தெரியாது. ஒரே நிறத்தில் ஐம்பது சைக்கிள் ஒரு கிராமத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தால் இது கட்டாயம் தேவை. கொடுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வைபவம் வைத்து, மாலை போட்டுச் சைக்கிள் கொடுக்கிறீர்கள். ஒரு சங்கிலியையும், சட்ட இலக்கத்தோடு பெண்ணின் பெயரில் ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

சைக்கிளைக் காணவில்லை என்றால் அன்றைக்கே பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். 'சைக்கிள்தானே' என்று அங்கே யாராவது சொன்னாலும் திரும்பி வராதீர்கள். தனியே போகப் பயமாக இருந்தால் சங்கத்தில் ஒருவரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் சொல்லவும் எழுதுவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, சரி என்றால் மட்டும் கையொப்பமிடுங்கள். சட்ட இலக்கம், நிறம், அடையாளங்கள், விட்ட இடம், நேரம் எல்லாம் அதில் வரவேண்டும். குழாய்க்குள் இருக்கும் கடதாசியைப் பற்றியும் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வாருங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்கலாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்கிறது.

பிறகு ஊரில் உள்ள சைக்கிள் திருத்தும் கடைகளுக்கும் பழைய இரும்பு வாங்குவோருக்கும் இலக்கத்தைக் கொடுத்துச் சொல்லி வையுங்கள். உங்கள் சைக்கிள் எங்காவது நிற்பதைக் கண்டால் நீங்களாகப் பறிக்கப் போகவேண்டாம். எடுத்தவன் யார், கூட யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தள்ளி நின்று 119க்கு அழையுங்கள். அதேபோல் ஆளில்லாத வீதியில் யாராவது மறித்துச் சைக்கிளைப் பறித்தால் விட்டுவிடுங்கள். முகத்தையும் போன திசையையும் மட்டும் மனதில் வையுங்கள்.

களவு கொடுத்தது வளர்ந்த மகளின் சைக்கிள் என்றால் இன்னுமொரு விடயம் இருக்கிறது. சைக்கிள் போனதோடு ரியூசன் நின்று, பிறகு பள்ளிக்கூடமும் நின்றுபோன பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஏற்கெனவே அழுதுகொண்டு வந்த பிள்ளையைப் பேசி என்ன வரப்போகிறது? பள்ளிக்கூடத்துக்கு அதே வழியால் யார் போகிறார்கள் என்று பார்த்து, அடுத்த நாளே கரியரில் ஏற்றி அனுப்ப ஒழுங்கு செய்யுங்கள். அதிபரிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக, பழைய சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு. சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் முதலில் சைக்கிளைக் கவிழ்த்துச் சட்ட இலக்கத்தைப் பாருங்கள். இலக்கம் அராவப்பட்டிருந்தாலோ அந்த இடத்தில் மாத்திரம் புதுப் பெயின்ற் அடித்திருந்தாலோ வாங்காதீர்கள். களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டு வாங்குவதும் சட்டப்படி குற்றம். தெரியாமல் வாங்கியிருந்தாலும் உரியவர் வந்தால் சைக்கிளும் போகும், கொடுத்த காசும் போகும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கடதாசி எழுதி வாங்குங்கள். விற்பவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், சைக்கிளின் சட்ட இலக்கம், விலை, திகதி, இருவர் கையொப்பம், ஒரு சாட்சி. வாங்குகிறவர் என்ற இடத்தில் அண்ணன் பெயரையோ மாமா பெயரையோ போடாமல், காசு கொடுக்கிற உங்கள் பெயரையே போடுங்கள்.