சிறை வாசலுக்கும் சிகிச்சைக்கும் இடையே

போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கைகள் தீவிரமடையும் போதெல்லாம் கைதானோரின் தொகை செய்தியாகின்றது. அவர்கள் விடுதலையான பின்னர் என்ன ஆனார்கள் என்பது செய்தியாவதில்லை. 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கியபோதும் இதுவே நிகழ்ந்தது. திருகோணமலைத் துறைமுக நகரிலும், கிண்ணியா, மூதூர், குச்சவெளிப் பகுதிகளிலும் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பலவும் அனுபவிக்கும் துயரம் இது.

சிறையிலிருந்து வெளிவரும் முதல் இரு வாரங்களே மிக ஆபத்தானவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானோர் பற்றி 2007இல் வெளியான ஆய்வு, அக்காலப் பகுதியில் அளவு மீறிய போதையால் அவர்கள் இறக்கும் வீதம் ஏனையோரிலும் 129 மடங்கு எனக் கண்டறிந்தது. சிறையில் ஹெரோயின் பாவனை தடைப்படும்போது உடலின் தாங்குதிறன் குறைகின்றது. வெளியே வந்து பழைய அளவையே பாவிப்பவருக்கு அதுவே எமனாகின்றது.

அமெரிக்காவில் இத்தகையோருக்கான பெருந்தடை மருத்துவக் காப்புறுதி இன்மையாகும். ஆதலால் விடுதலைக்கு முந்திய 90 நாட்களிலேயே அரச காப்புறுதியின் கீழ் சில சேவைகளை வழங்கும் அனுமதியை 2023 ஜனவரியில் கலிபோர்னியா முதலாவதாகப் பெற்றது. எமது நாட்டிலோ அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். இங்குள்ள தடை சிகிச்சையின் தொடர்ச்சி அறுந்துபோவதே.

சிறைச்சாலைகள் நீதி அமைச்சின் கீழும் வைத்தியசாலைகள் சுகாதார நிர்வாகத்தின் கீழும் இயங்குகின்றன. அத்துடன், விளக்கமறியலில் உள்ளவர் நீதிமன்றில் பிணை பெற்று, அங்கிருந்தே வீடு செல்ல நேர்கின்றது. அவரது மருந்தும் மருத்துவக் குறிப்பும் சிறையிலேயே தங்கிவிடுகின்றன. மனநோய்க்கான மாத்திரை இடைநடுவில் நின்றால் நோய் மீளும். காசநோய்க்கான ஆறு மாத சிகிச்சை தடைப்பட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி குடும்பத்தையும் அயலையும் பற்றும்.

கட்டாய மறுவாழ்வு நிலையங்கள் மட்டுமே இதற்குத் தீர்வாக மாட்டா. 2022 ஜூனில் கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் உயிரிழந்ததை அடுத்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதை நாம் மறந்துவிடலாகாது.

சிறை மருத்துவம் பொதுச் சுகாதார சேவையுடன் இணைந்து, சிகிச்சையின் தொடர்ச்சியை உறுதி செய்ய வேண்டும் என 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மண்டேலா விதிகளின் 24ஆம் விதி கூறுகின்றது. இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விடுதலை நாள் முன்கூட்டித் தெரியாதபடியால், சிறைக்குள் வரும் நாளிலேயே மருத்துவக் குறிப்பின் பிரதியொன்று ஆயத்தமாக வேண்டும். நீதிமன்றுக்குச் செல்லும்போது அது, சில நாட்களுக்கான மருந்துடன் அவருக்குக் கிடைக்க வேண்டும். அண்மைய வைத்தியசாலையின் கிளினிக் நாளும் அதில் குறிக்கப்படல் வேண்டும். ஆலோசனை அவரவர் தாய்மொழியில் அமைவதும் அவசியம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 ஆகிய தொலைபேசி இலக்கங்களைக் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நன்று.

பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் விடுதலையானவரை ஒதுக்காது கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல முன்வருதல் வேண்டும். எனினும், முதற் பொறுப்பு அரசினுடையதே. ஒருவரைத் தடுத்து வைக்கும் அரசு, அவர் உயிருடன் வீடு சேர்ந்து நலமாய் வாழவும் வழிசெய்யக் கடமைப்பட்டுள்ளது. நீதி, சுகாதார அமைச்சுகள் இதனைக் கவனத்திற் கொள்ளுமென எதிர்பார்க்கின்றோம்.