மாண்ட பிறகும் வேலியா?

1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு அமெரிக்க ஏகாதிபத்தியம் ஹிரோஷிமா மீது அணுகுண்டு வீசியது. அவ்வாண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 மக்கள் மாண்டனர். அவர்களின் நினைவுச் சின்னத்தின் முன் நாம் தலைவணங்கி நின்றோம்.

மாண்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் கொரியர்கள். அவர்கள் நாட்டை 1910ல் ஜப்பானிய ஏகாதிபத்தியம் விழுங்கியது. யுத்தத்தின்போது கட்டாய வேலைக்கு இழுத்து வரப்பட்டோரும் அவர்களில் உண்டு. அவர்களுக்காக 1970ல் எழுப்பிய நினைவுக்கல் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. உள்ளே இடம் கிடைத்தது 1999ல்!

குண்டு இனம் பார்த்து விழவில்லை, தோழர்களே! இனம் பார்த்தவர்கள் ஆளும் வர்க்கத்தார். மலர் வைத்தால் மட்டும் போதுமா? குண்டு போட்டவன் யார், உழைப்பாளியை அங்கே இழுத்து வந்தவன் யார் என்று உரக்கக் கேட்போம். அதுவே மாண்டவர்க்கு நமது அஞ்சலி!