பஞ்சப்படி எனக்கு மட்டும்தானா?

ரயில் ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தா என்றால், ஊருக்குப் போகும்போதெல்லாம் உறவினர்கள் சிரிக்கிறார்கள். அந்தமானில் தண்டவாளம் கிடையாது. ஆனால் கப்பலிலோ விமானத்திலோ சென்னை போய் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்களுக்கு டிக்கெட் முன்பதிவு செய்ய ஆள் வேண்டுமே! அந்த வேலைதான் எனக்கு. குடியிருப்பது மின்னி பேயில்.

எங்கள் வீட்டுக்குக் கீழே ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் குடியிருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்தவர். ஒரு காண்ட்ராக்டரிடம் கட்டட வேலை. சிமெண்டு மூட்டை சுமக்கிறார், கலவை போடுகிறார். ஒரு நாள் மாலை என் கையில் இருந்த சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, உங்களுக்கு ஜனவரியில ஒரு தடவை, ஜூலையில ஒரு தடவை படி ஏறுதுங்கிறீங்க. கடைக்காரர் உங்களுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலைன்னா அரிசி போடுறாரு?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் கூலி கடைசியாக ஏறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவும் நாலு பேர் சேர்ந்து வேலைக்குப் போகாமல் நின்ற பிறகு ஏறியது. அவருடைய கேள்விக்குப் பதில் தேடியதில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

பெயரிலேயே இருக்கிறது

இன்று அகவிலைப்படி என்கிறோம். பழைய மில் தொழிலாளர்கள் அதைப் பஞ்சப்படி என்றார்கள். பஞ்ச காலத்தில் வயிறு காயாமல் இருக்கக் கொடுக்கும் படி என்று பொருள். அது சம்பள உயர்வு அல்ல. விலைவாசி பிடுங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

அது எப்படிக் கணக்கிடப்படுகிறது? சிம்லாவில் மத்திய அரசின் தொழிலாளர் நலப் பணியகம் இருக்கிறது. நாடு முழுவதும் 88 தொழில் மையங்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, வாடகை, வைத்தியச் செலவு என்று விலைகளைத் திரட்டி, மாதாமாதம் ஒரு விலைவாசிப் புள்ளி வெளியிடுகிறது. 2016-ஆம் ஆண்டு விலையை 100 என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு இது. புள்ளி ஏறினால் எங்கள் படியும் ஏறுகிறது.

2016 ஜனவரியில் ஏழாவது சம்பளக் கமிஷன் அமலானபோது என் படி பூஜ்யம். 2025 ஜூலையில் அது 58 சதம். இதற்காக நான் மனுப் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை, யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. தானாக வந்தது.

ஒரே ஒரு முறை நின்றது. கொரோனா காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை, 18 மாதங்கள் மூன்று தவணைகளை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அப்போது நாங்கள் போட்ட கூச்சல் கொஞ்சமல்ல. மூன்று தவணைக்கே அப்படிக் குமுறினோம். ஆயுள் முழுவதும் தவணையே காணாதவன் என்ன சொல்லுவான்?

இரண்டு ரூபாய்

அப்படியானால் கூலித் தொழிலாளிக்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1948-லேயே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது கூலியைத் திருத்த வேண்டும் என்றது அது. வாழ்க்கைச் செலவுக்கு ஏற்றபடி படி சேர்க்கவும் இடம் கொடுத்தது. 1957-இல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி என்பது வரை கணக்குப் போட்டுக் கொடுத்தது. கூலியோடு விலைவாசிப் படியை இணைக்க வேண்டும் என்று 1988-இல் மாநிலத் தொழிலாளர் அமைச்சர்கள் மாநாடு சொன்னது. மத்திய அரசின் கீழ் வரும் வேலைகளில் 1991 முதல் படி வந்தது. ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு இரு முறை ஏறும்.

பலன் என்ன? மத்திய அரசின் வரம்புக்குள் வரும் கட்டட வேலையில், பெருநகரங்களில், பயிற்சி இல்லாத தொழிலாளிக்கு 2017-இல் நாள் கூலி 523 ரூபாய். 2024 அக்டோபரில் அது 783 ரூபாய். விலையோடு கூலியைக் கட்டினால் அது நகரும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. நாடு முழுவதற்கும் கீழ்மட்டக் கூலி என்று ஒன்றை மத்திய அரசு அறிவிப்பது வழக்கம். 2017-இல் அது 176 ரூபாய். 2019-இல் 178 ரூபாய். கூடியது இரண்டே ரூபாய்! அதே 2019 ஜனவரியில், அரசு நியமித்த அனூப் சத்பதி குழு 375 ரூபாயாவது வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

ஒரு சின்னக் கணக்கு

நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதம் ஏறுகிறது என்போம். கூலி மட்டும் அப்படியே நிற்கிறது. ஐந்தாண்டு கழித்து, அன்று 500 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 638 ரூபாய் வேண்டும். நாளைக்கு 138 ரூபாய் துண்டு விழுகிறது. மாதம் 26 நாள் வேலை என்றால் 3,588 ரூபாய்!

யாரும் அவர் பையில் கைவிட்டு எடுக்கவில்லை. கூலியைக் குறைத்துவிட்டதாக யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் கூலி குறைந்துவிட்டது. ஐந்தாண்டு கழித்து நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தாலும் பழைய இடத்துக்குக்கூட வரவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதைதான் இது.

கடல் தாண்டி வரும் விலை

நம் தீவுக்கென்று ஒரு சங்கடம் தனியாக இருக்கிறது. விலைவாசிப் புள்ளி என்பது அகில இந்தியச் சராசரி. கோயம்புத்தூரிலும் கான்பூரிலும் லாரியில் வந்து இறங்கும் சாமானின் விலை அதில் கலந்திருக்கிறது. இங்கே வருவது கப்பலில். சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் ஜங்லிகாட் சந்தையில் தக்காளி, வெங்காயம் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. சராசரியை வைத்துக் கூலி போட்டால், சராசரிக்கு மேல் விலை கொடுத்து வாங்குகிறவன் வயிற்றில் ஈரத்துணிதான்.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கான படியைச் சென்னை நகர விலைவாசிப் புள்ளியை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரலில் மாற்றுகிறார்கள். அங்கே அவரவர் ஊர் விலையைப் பார்க்கும் வழக்கம் இருக்கும்போது, தீவுக்காரனுக்குத் தீவு விலையைப் பார்ப்பதில் என்ன தவறு?

மலையகம் தரும் பாடம்

நிக்கோபாரில் கச்சால் தீவு இருக்கிறது. 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுடைய இனத்தவர் இன்றும் இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கிறார்கள்.

அந்த மக்கள் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று 2015-லிருந்து கேட்டார்கள். ஊர்வலம் போனார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 2021 மார்ச்சில்தான் அது கிடைத்தது. மறு ஆண்டே இலங்கையின் பொருளாதாரம் கவிழ்ந்தது. 2022 செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதம் கூடுதல்! ஆறு ஆண்டுகள் போராடிப் பெற்ற ஆயிரத்தை ஒரே ஆண்டு விழுங்கியது. அடுத்த உயர்வாக 1,350 ரூபாய் வர 2024 செப்டம்பர் ஆயிற்று.

தொகையை மட்டும் கேட்டு வாங்கினால் இதுதான் கதி. தொகையோடு, விலை ஏறினால் அதுவும் ஏறும் என்ற விதியையும் சேர்த்து வாங்க வேண்டும்.

"விலை இன்னும் ஏறுமே!"

கூலியை விலையோடு கட்டினால் விலை இன்னும் ஏறும், அதனால் கூலி ஏறும், இதற்கு முடிவே இராது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இதை அடியோடு தள்ளிவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படி முன்னால் ஓடுவதில்லை. விலை ஏறிய பிறகு, ஆறு மாதம் பொறுத்துப் பின்னால் வருகிறது. பெல்ஜியத்தில் சம்பளம் விலைவாசியோடு தானாக ஏறுகிறது. பிரான்சில் விலைவாசி 2 சதம் கூடினாலே குறைந்தபட்சக் கூலி ஏறும். அந்த நாடுகள் கவிழ்ந்துவிடவில்லை. அமெரிக்க மத்திய சட்டப்படியான கூலியோ மணிக்கு 7.25 டாலர் என்று 2009 ஜூலையில் ஏறியதோடு சரி. அங்கே விலை ஏறாமல் நின்றுவிட்டதா?

இன்னொன்றும் உண்டு. "எனக்குக் கட்டுப்படியாகாது" என்பார் காண்ட்ராக்டர். மத்தியப் பொதுப்பணித்துறை ஒப்பந்தத்தில் 10-சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. வேலை நடக்கும்போது சட்டப்படி கூலி ஏறினால், அந்தக் கூடுதல் செலவைக் காண்ட்ராக்டருக்கு ஈடுகட்ட அது வழி செய்கிறது. விலை ஏற்றத்திலிருந்து முதலாளிக்குக் குடை பிடிக்கும் சர்க்கார், மூட்டை தூக்குகிறவனை மழையில் விடலாமா?

என்ன செய்ய வேண்டும்?

2025 நவம்பர் 21 முதல் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. மத்திய அரசு நிர்ணயிக்கும் கீழ்மட்டக் கூலிக்குக் குறைவாக எந்த மாநிலமும் கூலி வைக்கக் கூடாது என்கிறது அது. நல்லதுதான். ஆனால் அந்தத் தொகையும் 178 ரூபாயைப் போல உறங்கிவிட்டால் பயன் இல்லை. எனவே நான்கு காரியங்கள் நடக்க வேண்டும்.

ஒன்று, ஆண்டுக்கு இரு முறை படி ஏறுவது எங்களுக்குப் போல எல்லா வேலைக்கும் தானாக நடக்க வேண்டும். அறிவிப்பு தாமதமானால் பாக்கித் தொகையோடு கொடுக்க வேண்டும்.

இரண்டு, படி ஏறுகிறதே என்று அடிப்படைக் கூலியை மறந்துவிடக் கூடாது. மத்திய அரசு 2017-இல் வைத்த அடிப்படைக்கு 2022-லேயே ஐந்தாண்டு முடிந்தது. 2024 அக்டோபரிலும் அதே அடிப்படைமேல்தான் படி ஏறியது.

மூன்று, தீவுக் கூலிக்குத் தீவு விலையைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நான்கு, இன்றைய கூலி எவ்வளவு என்பதை வேலை நடக்கும் இடத்தில் தமிழ், இந்தி, வங்காளி, தெலுங்கில் எழுதி ஒட்ட வேண்டும். தெரியாத உரிமையை யார் கேட்பார்கள்?

நம்மவர்களும் சும்மா இருக்கலாகாது. சம்பளச் சீட்டு கொடுப்பது புதிய சட்டப்படி கட்டாயம். கேட்டு வாங்குங்கள். குறைத்துக் கொடுத்தால் மூன்று ஆண்டுகள் வரை பாக்கியைக் கோரலாம். ஆசியாட் விளையாட்டுக்காக டெல்லியில் வேலை செய்த தொழிலாளர் வழக்கில், 1982-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் மறக்க வேண்டாம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்றது அந்தத் தீர்ப்பு.

படி வாங்கும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கும் ஒரு வார்த்தை. நம் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலித் தொழிலாளியின் படிக்கும் ஓர் இடம் கொடுப்போம். ஒரே கடையில்தான் எல்லோரும் அரிசி வாங்குகிறோம்.

கீழ்வீட்டு அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சட்டம் இருக்குன்னு சொல்றீங்க. அது எங்க வேலை நடக்கிற இடத்துக்கு எப்ப வரும், தம்பி?" என்றார்.

அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.