பட்டியலைக் கொடுத்தது யார்?

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்த இதழில் எழுதுவதா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். பறையைப் பற்றிப் பேசியபோதும் சுளித்தார்கள், தெருக்கூத்தைப் பற்றி எழுதியபோதும் சுளித்தார்கள். தவளக்குப்பத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் ராத்திரி பதினோரு மணிக்கு எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்பது எனக்கு முக்கியம். பயம் எங்கள் சனங்களுக்கு ஊர்க்காரன் ஊட்டி வளர்த்த சோறு. அதில் என்ன கலந்திருக்கிறது என்று கிளறிப் பார்க்கத்தான் வேண்டும்.

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். யாரோ விற்ற பழைய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறான். 'சித்தி, இங்க வந்து பாரேன், நீ கூட்டத்துல பேசுவியே, அந்த மாதிரியே கீது' என்று கூப்பிட்டான். போய் உட்கார்ந்தவள் விடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

விளையாட்டின் பெயர் 'டிடென்ஷன்'. தைவானில் ரெட் கேண்டில் கேம்ஸ் என்கிற சின்ன நிறுவனம் 2017 ஜனவரியில் வெளியிட்டது. சீன மொழித் தலைப்புக்குப் பள்ளிக்குத் திரும்புதல் என்று பொருள். 2019இல் சினிமாவாகவும் எடுத்தார்கள். கதை நடப்பது 1960களில், மலைமேல் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தில். தைவானில் அப்போது ராணுவச் சட்டம். 1949 மே மாதம் போட்டது, 1987 ஜூலையில்தான் எடுத்தார்கள். 38 வருஷம். எதைப் படிப்பது, எதைப் பேசுவது எல்லாம் அரசாங்கத்தின் கையில். தடை செய்த புத்தகத்தை வைத்திருந்தால் ஜெயில், சில சமயம் சாவு.

வகுப்பில் தூங்கிப்போன வெய் என்கிற மாணவன் விழித்துப் பார்க்கிறான். வெளியே புயல். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் இல்லை. அரங்க மேடையில் ரே என்கிற மூத்த மாணவி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குப் போக வழியில்லை. பாலம் அறுந்து ஆறு ரத்தமாய் ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் வெய் தலைகீழாய்த் தொங்குகிறான். அதற்கப்புறம் நாம் ரேயாக நடக்க வேண்டும். தாழ்வாரத்தில் பேய்கள் அலைகின்றன. அவற்றை வெட்டவோ சுடவோ முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் கடந்து போக வேண்டும், அல்லது ஒரு கிண்ணம் சோற்றைத் தரையில் வைத்து அவை அதன்பக்கம் திரும்பும் நேரத்தில் நழுவ வேண்டும்.

அக்கா மகனுக்கு இது புதுசு. எனக்குப் புதுசில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஊர்த்தெருவைக் கடக்கிற வித்தை எங்கள் அம்மாவுக்குத் தெரியும், ஆயாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

போகப் போக விஷயம் வெளியே வருகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் யின் என்கிற ஆசிரியை தடை செய்த புத்தகங்களைப் படிக்க ஒரு ரகசிய வாசிப்புக் குழு நடத்துகிறார். சாங் என்கிற ஆசிரியரும் அதில் உண்டு. வெய்யும் உண்டு. சாங்கை ரே காதலிக்கிறாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் அடித்துக்கொள்கிற நரகம், அவளுக்குக் கிடைத்த ஒரே நிழல் அவர். அவர் விலகிப்போகிறார். யின் ஆசிரியைதான் காரணம் என்று ரே நினைக்கிறாள். வெய்யிடமிருந்து குழுவின் புத்தகப் பட்டியலை வாங்கி, பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்திருக்கும் ராணுவப் பயிற்றுநரிடம் கொடுத்துவிடுகிறாள். யின் மட்டும் ஒழிவாள் என்று கணக்கு. பிடிபட்டது எல்லாரும். சாங்கைக் கொன்றார்கள். வெய் ஜெயிலுக்குப் போனான். யின் நாட்டை விட்டு ஓடினார். ரே பள்ளிக்கூட மாடியிலிருந்து குதித்துச் செத்தாள். அவளே பேய். அந்தப் பள்ளிக்கூடத்தையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் புதுச்சேரியில் ஒரு வாசிப்பு வட்டத்தில் இதே விளையாட்டைப் பற்றி ஆய்வு மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். நம்ம பையன்தான், நன்றாகப் படித்த தம்பி. பள்ளிக்கூடம் நனவிலி மனம், ஆறு குற்றவுணர்ச்சி, விளக்கு ஏந்திய பூதம் தந்தை, இந்த ரீதியில் நாற்பது நிமிஷம். 'இது ஒரு வளரிளம் பெண்ணின் பொறாமையும் குற்றவுணர்வும் பற்றிய பிரதி' என்று முடித்தார். கைதட்டினார்கள். ராணுவச் சட்டம் என்கிற சொல் அவர் கட்டுரையில் ஒருமுறை வந்தது, 'பின்னணி' என்று.

பின்னணியா? தம்பி, முப்பத்தெட்டு வருஷம் மனுசர்களைப் பிடித்துக்கொண்டு போனது பின்னணி, ஒரு பெண் அழுதது கதையா? அந்தப் பயிற்றுநர் யார்? பள்ளிக்கூடத்தில் ராணுவக்காரனுக்கு என்ன வேலை? ஒரு புத்தகப் பட்டியலை வாங்கிக்கொண்டு மனுசனைச் சுடுகிற சட்டத்தை எழுதியது எந்த நனவிலி மனம்? பொறாமை எல்லா ஊரிலும் எல்லா வயசிலும் இருக்கிறது. எல்லாப் பொறாமைக்கும் பின்னால் துப்பாக்கி வந்து நிற்பதில்லை.

இந்த வாசிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். சினிமாவே இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1993இல் மலையாளத்தில் 'மணிச்சித்ரதாழு', 2005இல் தமிழில் 'சந்திரமுகி'. ஜமீன் அரண்மனையில் ஆடவந்த பெண்ணை அரண்மனைக்காரன் கொன்றான். இது கதையின் உள்ளே கிடக்கிற கொலை. நூறு வருஷம் கழித்து மனநல மருத்துவர் வருகிறார். பேய் இல்லை, நோய் என்கிறார். சரி, ஒத்துக்கொள்கிறேன். கொலை? அதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடுவதில்லை. 'சந்திரமுகி'யின் கடைசியில் வேட்டையன் என்று ஒரு பொம்மையை எரிக்கக் கொடுக்கிறார்கள். செத்தவளுக்கு நீதி, ஒரு பொம்மை. அரண்மனை அப்படியே நிற்கிறது, வாரிசுகள் குடும்பத்தோடு சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நாமும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம்.

இன்னொரு பக்கம் பகுத்தறிவுத் தோழர்கள். அவர்களோடு எனக்குப் பெரிய சண்டையில்லை, அவர்கள் போட்ட மேடையில் நின்றுதான் பேசக் கற்றேன். ஆனாலும் கேட்டாக வேண்டும். பேயே கிடையாது என்று சொன்னதோடு வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறீர்களே, அது எப்படி?

எங்கள் ஆயா சொன்ன கதை ஒன்று. தெருவுக்குத் தெற்கே கொல்லையில் ஒரு கிணறு இருந்தது, இப்போது மனை போட்டுவிட்டார்கள். அதில் ஒரு பேய். உச்சிப் பொழுதில் தண்ணி மொள்ளப் போகக்கூடாது. ஊர்க்காரர்கள் அதைக் 'காலனிப் பேய்' என்பார்கள், பேயிலும் சாதி. ஆயா மட்டும் ஆடி மாசம் ஒரு நாள் இலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்துவிட்டு வருவாள். 'யாருக்கு ஆயா?' என்று கேட்டால், 'பசியோட பூட்டா, அதான்' என்பாள். வெகுநாள் கழித்துத்தான் மிச்சத்தைச் சொன்னாள். அந்தக் கொல்லையில் நடவுக்குப் போன பெண். கல்யாணம் ஆகவில்லை, வயிறு தெரிய ஆரம்பித்திருக்கிறது. 'வுழுந்துட்டான்னு சொன்னாங்க. வுழுந்தவ கையில எப்டி கவுறு தடம் இருக்கும்?' ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எந்த ஸ்டேஷனும் எழுதாத வழக்கை வருஷத்துக்கு ஒருமுறை இலை போட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தாள்.

கிணற்றில் பேய் இல்லை. கிணற்றில் பிணம் இருந்தது. முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்குகிறவர் யாருக்கு உதவுகிறார்?

இந்தக் கண்ணோடுதான் நம் கதைப்பாடல்களையும் பார்க்க வேண்டும். மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கினார்கள். காத்தவராயனைக் கழுவில் ஏற்றினார்கள். கொன்றவன் வீட்டுக்குப் பயம் பிடித்து, கொல்லப்பட்டவன் சாமியானான். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். எனக்கு உறுத்துவது வேறு. அருந்ததியத் தம்பதி வளர்த்த மதுரை வீரன் பிறப்பால் காசி ராசா பிள்ளையாம், குறி சரியில்லை என்று காட்டில் போட்டுவிட்டார்களாம். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் இதையே சொன்னது. முத்துப்பட்டன் கட்டிய பொம்மக்காவும் திம்மக்காவும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் பிறப்பில் பார்ப்பனக் குழந்தைகள் என்று கதையில் ஒரு ஒட்டு. நா. வானமாமலை இந்த ஒட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். செத்தவன் பேரையும் பிறப்பையும் மாற்றி எழுதுவதை நான் எஃப்.ஐ.ஆர். திருத்தும் வேலை என்பேன். கதையின் மறைபொருள் மறைபொருள் என்று தேடுகிறோமே, அது ஆழத்தில் ஒன்றும் கிடப்பதில்லை. யாரோ உட்கார்ந்து அழித்து எழுதியிருக்கிறார்கள், அழித்த இடத்தில் தாள் மெலிந்து தெரிகிறது.

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் சந்திப்பில் கடலூர் பஸ் ஏறி, அங்கிருந்து விருத்தாசலம் போனால் புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை 8 அன்று கண்ணகியையும் முருகேசனையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அவள் வன்னியப் பெண், அவன் என்ஜினியரிங் படித்த தலித் பையன், பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை கொடுத்தது, அதில் போலீஸ்காரர்களும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரின் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 15 பேர். விடுதலையான அந்த இரண்டு பேர் தலித்துகள், முருகேசனின் பக்கத்து ஆட்கள். கொன்றவர்களோடு சேர்த்து எங்கள் ஆட்களையும் பட்டியலில் எழுதினார்கள். அந்தப் பேர்களை அடிக்க 18 வருஷம் ஆனது. ரே கொடுத்த பட்டியலைப் பார்த்தபோது எனக்கு இந்தப் பட்டியல்தான் ஞாபகம் வந்தது.

தைவான்காரர்கள் தங்கள் அரசாங்கம் செய்ததை விளையாட்டாக்கி, உலகமே ஆடிப்பார்க்கக் கொடுத்தார்கள். அதே நிறுவனத்தின் அடுத்த விளையாட்டு 'டிவோஷன்', 2019 பிப்ரவரியில் வந்தது. அதில் ஒரு மந்திரத் தாளில் சீன அதிபரைக் கேலி செய்திருந்ததாகக் கிளம்பி, ஒரு வாரத்துக்குள் கடையிலிருந்து எடுக்கவைத்துவிட்டார்கள். பயமுறுத்துகிற கதைக்குப் பயப்படுகிறவர்கள் யார் என்று தெரிகிறதா?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு அக்கா மகன் சொன்னான், 'சித்தி, அந்த அண்ணன் சொன்னதும் பாதி நெசம்தானே? பட்டியலக் குடுத்தது ரேதானே?' எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடுகிறேன்.

2005இல் நான் பதினோராம் வகுப்பு. ஆதிதிராவிடர் விடுதி ஒன்றில் இருந்தேன், எது என்பது வேண்டாம். சோற்றில் புழு, பருப்பு என்ற பேரில் மஞ்சள் தண்ணி. பிள்ளைகள் சேர்ந்து கலெக்டருக்கு மனு எழுதினார்கள். எழுதியது என் சிநேகிதி. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை, பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தியோடு சேர்ந்துகொண்டாள். அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. வார்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிரட்டக்கூட இல்லை, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக் கேட்டார். பேரைச் சொன்னேன். மனுவில் கையெழுத்துப் போட்ட இன்னும் நாலு பேரையும் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன். இரண்டு நாளில் சிநேகிதியின் பெட்டி வெளியே இருந்தது. அவள் நைனா வந்து வார்டன் காலில் விழுந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோற்றில் புழு கடைசிவரை இருந்தது.

அவள் படிப்பு அதோடு போயிற்று. இப்போது கடலூரில் துணிக்கடை ஒன்றில் நிற்கிறாள். நான் எம்.ஏ. தமிழ், மேடையில் பேசுகிறவள். எங்கள் ஆட்களில் ஒருத்தரைப் பேசவைத்து மற்றவரை வெளியே தள்ளுகிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. புழுத்த சோற்றைப் போட்டவர்களும் மனுவைக் குற்றமாக்கியவர்களும் அதற்குச் சொந்தக்காரர்கள். இதைச் சொல்லாமல் என் பாவத்தை மட்டும் பேசினால் அந்தத் தம்பியின் கட்டுரையாகிவிடும். அதை மட்டும் சொல்லி என் வாயிலிருந்து வந்த ஐந்து பேரைச் சொல்லாமல் விட்டால் நானும் எஃப்.ஐ.ஆர். திருத்துகிறவள்தான். நம் சேரிகளுக்குள்ளே யார் யார் எந்தெந்தப் பட்டியலைக் கொடுத்தோம் என்பதை இயக்கங்கள் பேசுவதில்லை. எதிரிக்கு வசதியாகிவிடும் என்கிறார்கள். எதிரியிடம் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது தோழர்களே, நாம்தானே கொடுத்தோம்.

விளையாட்டுக்கு இரண்டு முடிவுகள். கடைசியில் ரேயிடம் அவளுடைய நிழல் கேள்விகள் கேட்கும். மழுப்பினால் மறுபடியும் அதே பள்ளிக்கூடம், அதே சுற்று. ஒத்துக்கொண்டால் வருஷங்கள் ஓடி, ஜெயிலிலிருந்து வந்த வெய், வயதான ஆளாய், பாழடைந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நடந்து வருகிறான். அக்கா மகன் முதல் தடவை மழுப்புகிற பதில்களையே அழுத்தினான். 'இதுதான் சித்தி ஈஸி' என்றான்.

சிநேகிதியைப் போன வருஷம் தவளக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். 'நீ எழுதறியாமே, எங்க கடைப் பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு, ஒண்ணு குடேன் படிக்கிறேன்' என்றாள். கொடுக்க அப்போது கையில் ஒன்றுமில்லை. இந்த இதழ் வந்ததும் எடுத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறுவேன். வியாழக்கிழமை அவளுக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரம் ஒன்றரை மணிக்கு.