ஒருமைக்கு ஒரே முகமா?



காவலூர் மலையில் வைனு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அமைந்த இடமாதலால் வடவானத்து மீன்களையும் தென்வானத்து மீன்களையும் அங்கிருந்து காணலாம். கிழக்கு ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து வந்த 1 மீட்டர் ஆடி 1972இல் அங்கே கண் திறந்தது. நம் நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் ஆடி 1986இல் திறந்தது. எந்த மீன் தெரியலாம், எது தெரியக்கூடாது என்று இரண்டில் எதுவும் நிபுணர் குழுவைக் கேட்டதில்லை!

டில்லி கேட்கிறது.

2022 குடியரசு நாள் அணிவகுப்பு. விடுதலையின் 75ஆம் ஆண்டு என்பது பொருள். தமிழகம் அனுப்பிய ஊர்தியில் யார் இருந்தார்? கப்பலோட்டிச் செக்கிழுத்த வ.உ.சி. இருந்தார். வேலு நாச்சியார் இருந்தார். பாரதியார் இருந்தார். 1801இல் திருப்பத்தூரில் தூக்கேறிய மருது சகோதரர்கள் இருந்தார்கள். (நம் மலையடிவாரத்துத் திருப்பத்தூர் அன்று, சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூர்.) காட்டிய ஏழு வடிவங்களையும் குழு தள்ளிவிட்டதென்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். வந்தவை 56, தேறியவை 21 என்று கணக்குக் காட்டினார்கள். கணக்கு சரி, நாங்கள் கேட்டது கணக்கையா? கேரளத்தின் நாராயண குருவுக்கும் இடமில்லை; வங்கத்தின் நேதாஜி ஊர்திக்கும் இடமில்லை!

ஐரோப்பாவைப் பாருங்கள். 2009இல் செக் நாடு ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, டேவிட் செர்னி என்ற சிற்பி பிரசல்ஸ் நகரில் ‘என்ட்ரோப்பா’ என்ற பெரும் படைப்பைத் தொங்கவிட்டார். 27 நாடுகள், 27 கலைஞர்கள் என்றார். எல்லாம் நாடகம்! தம் கூட்டாளிகளோடு அவரே செய்தது. பல்கேரியாவைக் கழிப்பறையாக்கினார், பிரிட்டனை வெற்றிடமாக்கினார். 27 பேருக்கும் ஒருவனே முகம் வரைந்தால் கேலிச்சித்திரமன்றி வேறென்ன கிடைக்கும்? பல்கேரியா சினந்தது, அந்தப் பகுதிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். அங்கே கேலிக்குத் துணி போட்டார்கள்; இங்கே வீரனுக்குத் துணி போட்டார்கள்!

நான் நாடகக்காரன். வேடம் எனக்குப் புதிதன்று. எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே முகமூடி மாட்டி மேடையேற்றினால், முதல் காட்சி முடியுமுன்னே கொட்டகை காலியாகிவிடும்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், செங்கம் வட்டாரமெங்கும் நடுகற்கள் நிற்கின்றன. நாடாண்ட பல்லவன் பெயரும் அவன் ஆட்சியாண்டும் அவற்றில் உண்டு. ஆநிரை மீட்டு மாண்ட மறவன் பெயரும், அவன் ஊரும் அதே கல்லில், அதே வட்டெழுத்தில் உண்டு. மன்னன் பெயர் பெரிதென்று மறவன் பெயரை எவனும் செதுக்கி எடுக்கவில்லை! பேரரசு அதனால் சிறுத்துவிடவில்லை!

“2024இல் உத்தரமேரூர்க் குடவோலை முறை டில்லி வீதியில் போயிற்றே!” என்பார் நண்பர். போயிற்று, மகிழ்ந்தோம். மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வாய்ப்பு என்று ஏற்பாடும் செய்தார்கள். முறை நம்முடையது, பொருள் அவர்களுடையது, இறுதித் தீர்ப்பும் அவர்களுடையது! ஓராண்டு கதவு திறந்ததென்று கும்பிடச் சொல்கிறவர், சாவி எவர் இடுப்பில் என்பதையும் சொல்லட்டும்.

தள்ளப்பட்ட ஊர்தி முடங்கிக் கிடக்கவில்லை. அதே குடியரசு நாளில் சென்னைக் கடற்கரைச் சாலையில் வந்தது. பிறகு ஊர் ஊராகச் சென்றது. மருது சகோதரர்களை மக்கள் பார்த்தார்கள். டில்லி மக்களும் பார்த்திருக்க வேண்டும் என்பதே நம் வழக்கு. எந்த வடிவத்தை, எந்தக் காரணத்தால் தள்ளினோம் என்று குழு எழுத்தில் தரட்டும். ஒவ்வோர் ஆண்டும் தரட்டும். மாநிலங்களின் முன் வைக்கட்டும்.